அளவுக் கோப்பி

மச்சான்,

இன்றைக்குக் காலையில் மடவளைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஒரு அம்மா கோப்பித்தூள் பையோடு ஏறினார். அப்போதுதான் மில்லில் அரைத்து வாங்கியிருக்க வேண்டும். தூள் சூடு ஆறவில்லை போலிருக்கிறது, சேலைத் தலைப்பை மடித்து அதன்மேல் பையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொத்தமல்லி சேர்த்து வறுத்த தூள். பஸ் முழுக்க அந்த வாசம்தான். டீசல் புகை, ஈரக் குடை, யாரோ நெற்றியில் பூசியிருந்த தைலம் எல்லாவற்றையும் அது அமுக்கிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின் சீட்டில் இருந்த ஒருவருக்கும் அந்த வாசத்தில் வாய் திறந்துவிட்டது. போனைப் பார்த்துப் பக்கத்து ஆளுக்குச் சத்தமாகச் சொன்னார்.

"இந்தா பாருங்க, தெனமும் கோப்பி குடிக்கிற ஆளுங்க மத்தவங்கள விட ரொம்ப காலம் இருக்காங்களாம். வெளிநாட்டுல ஆராஞ்சு பாத்திருக்காங்களாம்."

"அப்ப நமக்கு இன்னும் கொஞ்சம் டைம் இருக்குன்னு சொல்லுங்க," என்று மற்றவர் சிரித்தார்.

எங்கிருந்து எனக்கு அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. திரும்பி, "யாரு இருக்காங்க? பேரச் சொல்லுங்க பாப்போம்," என்று கேட்டுவிட்டேன்.

அந்த மனுஷன் திகைத்துப் போனார். "என்னண்ணே, நல்ல செய்திதான சொன்னேன்," என்றார். பாவம், அவர் என்ன குற்றம் செய்தார்? "மன்னிச்சுக்கங்க, நல்ல செய்திதான்," என்று சொல்லிவிட்டு, கண்டிக்குப் போக வேண்டியவன் கட்டுகஸ்தோட்டையிலேயே இறங்கிவிட்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனபோது பிந்திவிட்டது. ஸ்கூல் அதிபர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ போன பிறகு, ஏன் பிந்தினாய் என்று என்னை யாரும் கேட்பதில்லை, மச்சான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கே அனுப்பப் போகிறேன் என்று கேட்காதே. அதை யோசித்தால் எழுத முடியாது.

நமக்குள் சிநேகம் வந்ததே பஸ்ஸில்தான். நீ கண்டி – மடுல்கெல்ல பஸ்ஸில் கொண்டக்டர். நான் கண்டியில் ஒரு ஸ்கூலில் கிளார்க். சனி ஞாயிறு வீட்டுக்கு மலையேறிப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். கதவில் தொங்கிக்கொண்டு வருகிற என்னை ஒவ்வொரு முறையும் உள்ளே இழுத்துப் போட்டு, "கெவருமெண்டு உத்தியோகத்தர் விழுந்து செத்தா எனக்குத்தான் கேஸ்," என்று ஏசுவாய். பிறகு என் தங்கச்சி கண்டிக்குத் தையல் பழக வரத் தொடங்கினாள். அவளிடம் நீ டிக்கட் வெட்டுவதில்லை என்பது அந்த பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் தெரிந்து, கடைசியில் எனக்குத் தெரிந்தது. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் வைத்து உன் சட்டையைப் பிடித்தேன். நீ அசைந்தாயா? "இங்க வேணாம் மச்சான், எல்லாரும் பாக்குறாங்க. வா, ஒரு கோப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்," என்றாய். கல்யாணமே பேசவில்லை, அதற்குள் நான் உனக்கு மச்சான்.

"எனக்குத் தேத்தண்ணி," என்றேன் நான், உன் கோப்பியைக் குடித்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தில். தங்கச்சியை நீ கட்டிக்கொண்டாய். கோப்பியா தேத்தண்ணியா என்கிற சண்டை மட்டும் அன்றைக்குத் தொடங்கி, முடியவே இல்லை.

"தேயிலைத் தோட்டத்துல பொறந்தா தேத்தண்ணிதான் குடிக்கணும்னு சட்டமா?" என்று கேட்பாய். "முந்தி இந்த மலை பூரா கோப்பிதான் மச்சான். அது நோய் வந்து அழிஞ்ச பொறவுதான் தேயில வந்துச்சு. நான் பழைய கட்சி." நான் விடுவேனா? தேத்தண்ணி குடிக்கிறவனுக்குக் கை நடுங்காது, நித்திரை கெடாது, வயிறு எரியாது என்று அடுக்குவேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருகிற ஆரோக்கியப் பக்கம் நம் இருவருக்கும் ஆயுதக் கிடங்கு. கோப்பி ஈரலுக்கு நல்லது என்று வந்தால் அந்தத் துண்டை மடித்து டிக்கட் பைக்குள் வைத்திருந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டுவாய். கோப்பி நெஞ்சைப் படபடக்க வைக்கும் என்று வந்தால் நான் கத்தரித்துக்கொண்டு வருவேன். ஒரே பேப்பர்தான் இரண்டையும் போடும். அதைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை.

ஒருநாள் மண்டை காய்ந்து, "இதுக்கு என்னதான் முடிவு?" என்று கேட்டேன்.

"முடிவு சுலபம்," என்றாய். "நீ தேத்தண்ணி குடி. நான் கோப்பி குடிக்கிறேன். யாரு கடைசியா நிக்கிறதுன்னு பாப்போம். நிக்கிறவன் சொல்றதுதான் ஞாயம்."

தங்கச்சி அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். "ரெண்டு பேருக்கும் வாயில வேற பேச்சு வராதா? வெளக்கு வைக்கிற நேரத்துல!" என்று கத்தினாள். நீயும் நானும் அவளைப் பார்த்துச் சிரித்தோம். நமக்கு அப்போது முடி நரைக்கவில்லை. சாவு என்பது பக்கத்து லய வீட்டு ஆட்களுக்கு வருகிற விஷயம்.

நீ கோப்பி குடிக்கிற முறை நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிது இல்லை. பால் கூடாது. கோப்பிக்குள் சீனியும் கூடாது. இடது உள்ளங்கையில் ஒரு குவியல் சீனி, வலது கையில் டம்ளர். ஒரு நக்கு, ஒரு மிடறு. சீனி இல்லாவிட்டால் கருப்பட்டித் துண்டு ஒரு கடி, ஒரு மிடறு. சீனியைக் கரைத்துவிட்டால் கோப்பியின் கசப்பும் தெரியாது, சீனியின் இனிப்பும் தெரியாது என்பாய். ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகிய ஆளாச்சே, உள்ளங்கைச் சீனியில் ஒரு மணி கீழே சிந்தாது.

உனக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் கண்டுபிடித்தபோது நானும் கூட வந்திருந்தேன். டொக்டர் நல்ல மனுஷன். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர், நிதானமாகக் கேட்டார்.

"தேத்தண்ணி, கோப்பிக்கு சீனி போடுறதா?"

"சத்தியமா இல்ல டொக்டர். பொறந்ததுலருந்து நான் கோப்பில சீனி போட்டதே இல்ல."

டொக்டருக்கு மகிழ்ச்சி. வெறும் கோப்பி என்றால் பயமில்லை, அளவாகக் குடிக்கலாம், அதனால் கேடு வராது என்றார். வெளியே வந்ததும் என் தோளில் நீ போட்ட அடி இருக்கிறதே! "கேட்டியா? படிச்ச மனுஷன் வாயால வந்துச்சு!" என்று கத்தினாய். நீ பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. நம் ஆட்களுக்குக் கோப்பியில் போட்டால்தான் அது கோப்பிச் சீனி. கையில் இருப்பது வேறு கணக்கு. அப்படியே காலம் ஓடியது. பிறகு ஒருநாள் சாப்பாட்டுப் பழக்கம் சொல்லித் தருகிற ஒரு மிஸ், காலையிலிருந்து செய்வதை எல்லாம் செய்து காட்டச் சொன்னார். நீ வெறுங்கையை நீட்டி நக்கிக் காட்டினாய். தங்கச்சி அந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதைச் சொல்லும்போது உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் எட்டாம் நாள் படையலில் இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, கடைசியாகக் கோப்பியும் வைத்தோம். பக்கத்தில் சீனி வைப்பதா வேண்டாமா என்று அங்கே ஒரு வாக்குவாதம் வந்துவிட்டது. "ஆளுக்கு சீனி வருத்தம்ல, வைக்கக் கூடாது," என்றார் உன் சித்தப்பா, மிகவும் பொறுப்பாக. "செத்த பொறவு என்ன சீனி வருத்தம்?" என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் இலையில் ஒரு கை சீனியைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கையில் வைத்து நக்குவது தெரிந்த பிறகு சீனி நின்றது. ஆனால் அது பார்க்க வேண்டிய வேலையை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தது. கால் வீங்கியது. முகம் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டன, இனி மிசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். பஸ் வேலையை விட்டாய். மடுல்கெல்லயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து போக உடம்பில் தெம்பு இல்லை என்று, கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, பிறகு நான் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து உங்கள் இருவரையும் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளைகள் இல்லாத வீடு. நீ, அவள், ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு போத்தல்.

மூத்திரம் போகாத உடம்புக்குள் தண்ணீர் சேரக் கூடாது. சேர்ந்தால் நெஞ்சை அமுக்கும், மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டார்கள். குடிப்பது, குளிசை விழுங்குவது, ரசம், கஞ்சித்தண்ணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தங்கச்சி காலையில் போத்தலை நிரப்பி உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பாள். எது வேண்டுமானாலும் அதிலிருந்துதான் ஊற்றி எடுப்பாள். கோப்பியும் கொஞ்சம்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் உன் போத்தலில் பெரிய பங்கு கோப்பிக்குத்தான் போனது. எத்தனை தாகமாக இருந்தாலும் வெறும் தண்ணீரை நீ தொடமாட்டாய். மிச்சம் பிடிப்பாய். எல்லாம் அந்த ஒரு டம்ளருக்காக.

ஒரு காலையில் நான் வரும்போது உங்கள் வீட்டில் பெரிய சண்டை.

"நீ போத்தல்லருந்து எவ்வளவு ஊத்துனன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டம்ளருக்கு வந்தது கொறையுது," என்றாய்.

"கொதிச்சா கொறையாதா? ஆவியாப் போகுதுல்ல?" என்றாள் அவள்.

"ஆவியாப் போனது என் வயித்துக்குள்ளயா போச்சு? கூரைக்குத்தான போச்சு? அத யாரு எனக்குத் திருப்பித் தர்றது? மச்சான், நீயே ஞாயத்தச் சொல்லு."

நான் என்ன ஞாயம் சொல்ல? நீ சொன்னதில் பிழையே இல்லை. அன்றிலிருந்து அவள் கேத்தலை இறுக்கி மூடி, அதன் மூக்கில் துணியைச் சுற்றி, ஆவி போகாமல் கோப்பி போடப் பழகினாள். உனக்குத் தெரியாமல் ஒரு மிடறு கூடுதலாக ஊற்றவும் அவளுக்கு ஆசை. உனக்கு மூச்சு முட்டிவிடுமே என்று பயம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவள் தேய்ந்து போனாள். நான் வாசலில் நின்று கையைப் பிசைவேன். உனக்கு முன்னால் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினேன். அதையும் நீ கண்டுபிடித்து, "என்ன மச்சான், தோத்துருவோம்னு பயமா?" என்று சீண்டினாய்.

இரத்தம் மட்டும் ஏறவே இல்லை. அதற்கென்று இரும்புச் சத்துக் குளிசை தந்திருந்தார்கள். ஒரு வேளை கூட நீ தவறவிடவில்லை. அப்படியும் ஒவ்வொரு முறையும் உன் விரல் நகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். கிளினிக்கில் மடவளையைச் சேர்ந்த ஒரு நர்ஸ் மிஸ் இருந்தாரே, உன்னை அண்ணன் முறை வைத்து நானா நானா என்று கூப்பிடுவாரே, அவர்தான் ஒருநாள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்தார்.

"நானா, உண்மையச் செல்லுங்க. குளிசை குடிக்கிறீங்களா, இல்ல வீசுறீங்களா?"

"வீசுறதா? கேளுங்க இவனக் கேளுங்க மிஸ். கரெக்டா முழுங்குறேன்."

"எதால முழுங்குறீங்க?"

"கோப்பியால."

உனக்கு அதில் என்ன பெருமை! தண்ணீரைத் தனியாகக் குடித்தால் போத்தலில் குறையும். கோப்பியோடே விழுங்கினால் குளிசையும் போய்விடும், கோப்பியும் குடித்தமாதிரி. தண்ணீர் மிச்சம். கெட்டித்தனமான ஏற்பாடு என்று நம் மூவருக்கும் எண்ணம். அந்த மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"யா அல்லாஹ்! ஒத்தரும் ஒங்களுக்கு செல்லல்லயா? இந்தக் குளிசையக் கோப்பியோட குடிச்சா ஒடம்புல சரியாச் சேராது நானா. கோப்பி வேற நேரம், குளிசை வேற நேரம்."

நீ மிஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் நான் முழுங்குனது சும்மாவா?" என்று கேட்டாய். குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"சும்மா இல்ல நானா, கொஞ்சம் சரி சேந்திருக்கும்," என்றார் அவர். ஆனால் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தங்கச்சி அன்றைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். என் கையாலேயே ஒரு தட்டில் குளிசையும் டம்ளரும் சேர்த்து வைத்துக் கொடுத்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ அவள் கையைப் பிடித்து, "விடு புள்ள, நாந்தான கேட்டேன்," என்று சமாதானம் செய்தாய். அடுத்த கிளினிக்கில் நான் டொக்டரைத் தனியாகப் பிடித்தேன். கோப்பியால்தான் இவனுக்கு இப்படி ஆனதா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். அப்படியென்றால் கோப்பி இல்லாமல் விழுங்கியிருந்தால் தேறியிருப்பானா என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாது என்றார். இவனுக்கு இருக்கிற வருத்தத்தில் எதையும் ஒன்றின் தலையில் போட முடியாது என்றார். ஏசுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், மச்சான். டொக்டரை ஏச முடியாது, மிஸ்ஸை ஏச முடியாது, அவளை எப்படி ஏசுவேன்? கோப்பியை ஏசலாம் என்றால், உனக்கு அந்த நாட்களில் எழுந்து உட்கார ஒரு காரணம் இருந்ததே அந்த டம்ளர்தான்.

அதற்குப் பிறகு குளிசைக்கென்று போத்தலில் ஒரு பங்கு போய்விட்டது. மிஞ்சியதில் கோப்பி என்று வந்தது ஒரு வாய். நீ முணுமுணுக்கவில்லை. குளிசைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுங்கினாய். பிழைத்துவிடலாம் என்று உனக்கு நம்பிக்கை இருந்தது. அந்த வாய் கோப்பியை நாக்கில் வைத்துக்கொண்டு, விழுங்காமல், எவ்வளவு நேரம் இருப்பாய்! நான் பேப்பரில் கோப்பியைப் பற்றி ஏதாவது வந்தால் தேடி எடுத்து வந்து வாசிப்பேன். நல்லதாக வந்ததை மட்டும் வாசிப்பேன். "இன்னொருக்கா வாசி," என்பாய்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் உனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வாட்டில் வைத்தார்கள். நெஞ்சு பலவீனமாகிவிட்டது, மிசினில் போட்டால் இனித் தாங்காது என்று டொக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். தங்கச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இனி ஒன்னும் தடுக்க வேணாம். ஆசப்பட்டதக் குடுங்க," என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு, அவர் ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தவள் போல, "போத்தல் கணக்கு, டொக்டர்?" என்று கேட்டாள். அவர் அவள் தோளில் கை வைத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை. மழை விட்டு நல்ல வெயில். நீ இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாய். அவள் அடுப்படியில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போத்தல் நிறைந்தபடி இருந்தது, ஒரு சொட்டுக் கூடக் குறையவில்லை. அவள் குழாய்த் தண்ணீரில் கோப்பி போட்டிருந்தாள். டம்ளர் விளிம்பு வரைக்கும் நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நான் நினைத்தேன். நீ டம்ளரைத் தொடவில்லை. டம்ளரைப் பார்த்தாய், போத்தலைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய்.

"என்ன இது, இவ்வளவு?"

"குடிங்க."

"அளவுக்கு மேல இருக்கே. டொக்டர் ஏச மாட்டாரா?"

நீ பயந்துபோனாய், மச்சான். ஆவியாகப் போனதற்கெல்லாம் சண்டை பிடித்த ஆள், நிறைந்த டம்ளரைக் கண்டு பயந்தாய். இப்படிப் பயந்து உன்னை நான் பார்த்ததே இல்லை. கட்டுப்பாடு இருக்கும் வரைக்கும்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அது உனக்கு விளங்காமல் இருக்குமா?

தங்கச்சி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "டொக்டர் அளவக் கூட்டிட்டாருங்க," என்றாள். "ஒடம்பு தேறுதாம். இனிமே இவ்வளவு குடிக்கலாம்னாரு." அவள் வாயில் ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. குரல் நடுங்கவே இல்லை.

நீ என் பக்கம் திரும்பினாய்.

"நெசமாவா மச்சான்?"

"நெசந்தான். நானும் பக்கத்துல நின்னேன்ல. அப்படித்தான் சொன்னாரு," என்றேன்.

என்னை நீ எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தெரியாது. பிறகு இரண்டு கையையும் நீட்டி டம்ளரை வாங்கினாய். அவசரப்படாமல் குடித்தாய். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாய், மறுபடி குடித்தாய். ஒரு வாய் கூட மிச்சம் வைக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு, வெறும் டம்ளரை என்னிடம் நீட்டினாய். முகத்தில் ஒரு சிரிப்பு.

"பாத்தியா? நான் எவ்வளவு காலமா தொண்ட கிழியச் சொன்னேன்? கோப்பி ஆளத் தூக்கி நிறுத்திருச்சு. இப்பயாச்சும் ஒத்துக்கடா."

"ஒத்துக்கிட்டேன் மச்சான்," என்றேன். "நீதான் ஜெயிச்ச."

தங்கச்சி அடுப்படிக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நீ, "வியாழக்கிழமை கிளினிக்குல அந்த மிஸ்ஸுக்கிட்டயும் சொல்லணும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். வியாழக்கிழமைக்கு நீ இல்லை.

அன்றைக்கு நீ எங்களை நம்பினாயா? இதைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். நம்பிக் குடித்தாயா, இல்லை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இவர்களை ஏன் இன்னும் வதைக்க வேண்டும் என்று நம்பியது போல நடித்துக் குடித்தாயா? தங்கச்சியிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை. அவள் காலையில் அடுப்பு மூட்டுகிறாள், நான் போய் வாசலில் உட்காருகிறேன், இருவரும் மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

கடைசியாக நிற்கிறவன் சொல்வதுதான் நியாயம் என்றாய். நிற்கிறேன், மச்சான். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எது உன்னைக் கொண்டுபோனது, எது உன்னை அவ்வளவு நாள் வைத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்கூலில் யாருக்காவது பிரஷர் என்றாலும் சீனி என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்த ஆள் என்று. கோப்பி குடிக்கலாமா, அது உடம்புக்கு நல்லதா, ஆயுசு கூடுமா என்று கேட்கிறார்கள். டொக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லித்தான் தொடங்குகிறேன். விடாமல் கேட்டால், நல்லது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்றால், இல்லை. உன்னிடம் ஒத்துக்கொண்டேனே. அதை எப்படி இனி நான் மாற்றிச் சொல்வது?